மஞ்சள் அட்டை காசுக்குக் கிடைக்குமாம்!

கோவத்துலதான் எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன்.

அடுத்த மாசம் குடும்பமா கென்யா போறோம். அத்தை மகன் நைரோபியில வேலை பாக்குறாரு. "ஒரு தடவையாவது எல்லாரும் வாங்க"ன்னு ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. அண்ணன் பிள்ளைங்களுக்கு மாசாய் மாராவுல சிங்கம் பாக்கணும். சரின்னு டிக்கெட் போட்டாச்சு. போட்டுக் குடுத்த ஏஜென்ட்கிட்ட, மஞ்சள் காய்ச்சல் ஊசி பினாங்குல எங்க போடுறாங்கன்னு கேட்டேன்.

அவரு சொன்ன பதில்:

"ஊசி எதுக்குக்கா? மஞ்ச கார்டுதானே வேணும்? சாப்பு குத்தி நானே ரெடி பண்ணித் தர்றேன். பாஸ்போட் காப்பி மட்டும் அனுப்புங்க. எல்லாரும் அப்படித்தான்க்கா போறாங்க."

எல்லாரும் அப்படித்தான் போறாங்களாம்!

ரொம்ப சாதாரணமா, சிம் கார்டு வாங்கித் தர்ற மாதிரி சொன்னாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. நான் இருக்குறது ஆயர் ஈத்தாம்ல. எங்க ஃபிளாட்டுல டிங்கி வராத வீடு எதுன்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும். புகை அடிக்கிற சத்தம் கேட்டா ஜன்னலைச் சாத்துறது எங்க பிள்ளைங்களுக்குப் பழகிப்போச்சு. அதே கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புது. அதே ஏடிஸ்! இது தெரிஞ்சா அந்தப் பேச்சை யாராலயும் சாதாரணமா எடுத்துக்க முடியாது.

அதனாலதான் இந்த நீளப் பதிவு. ஆப்பிரிக்காவோ தென் அமெரிக்காவோ போறவங்க பொறுமையா படிங்க.



முதல்ல, பல பேரு தலைகீழா புரிஞ்சு வச்சிருக்குற ஒரு விஷயம்.

"கென்யா போறதுக்கு இந்த ஊசி கட்டாயமா?" இதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. மலேசியாவுல இருந்து நேரா போறவங்ககிட்ட கென்யா, ஊசி போட்டதுக்கான இந்த மஞ்சள் அட்டையைக் கேக்குறதில்ல. ஏன்னா நம்ம நாட்டுல இந்த நோய் இல்ல. நம்மால அவங்களுக்கு ஆபத்து இல்ல.

கேக்குறது நம்ம மலேசியா. திரும்பி வர்றப்ப!

மஞ்சள் காய்ச்சல் இருக்குற நாட்டுல இருந்து வர்ற, 1 வயசும் அதுக்கு மேலயும் உள்ள எல்லாருக்கும் மலேசியாவுக்குள்ள வர இந்தச் சான்றிதழ் வேணும். வெளிநாட்டுக்காரங்க, நம்ம ஆளுங்கங்குற வித்தியாசம் இல்ல. அந்த மாதிரி நாட்டு ஏர்போட்டுல 12 மணி நேரத்துக்கு மேல டிரான்சிட்டுல உக்காந்திருந்தாலும் வேணும். (அடிஸ் அபாபா வழியா மலிவு டிக்கெட் தேடுறவங்க இதைக் கவனிங்க. கென்யா மாதிரியே எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் இருக்குற நாடுகளோட பட்டியல்ல இருக்கு. நீங்க போற நாடு வேறயா இருந்தாலும், நடுவுல நிக்கிற நேரம் கணக்குல வரும்.)

அட்டை இல்லாம வந்தா தனிமைப்படுத்துற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. 6 நாள் வரைக்கும். அந்த 6 நாள் கணக்கு எங்க இருந்து வந்துச்சு? கொசு கடிச்சு, உடம்புல காய்ச்சல் தெரியிறதுக்கு 3 நாள்ல இருந்து 6 நாள் ஆகும். அதான்.

சில நாடு உள்ள நுழையுறப்பவே எல்லார்கிட்டயும் கேக்கும். கானா, உகாண்டா அப்படி. தென்னாப்பிரிக்காவுல இந்த நோய் கிடையாது, ஆனா கென்யா பாத்துட்டு அப்படியே கேப் டவுன் போலாம்னு நெனச்சா அங்க கேப்பாங்க. இந்தியாவும் அப்படித்தான், ரொம்பக் கறாரு. எங்க கூட்டத்துல ரெண்டு பேரு திரும்புறப்ப சென்னையில இறங்கி, சொந்தக்காரங்களப் பாத்துட்டு, பழனிக்கும் போயிட்டு வரலாம்னு இருந்தாங்க. நைரோபியில இருந்து நேரா சென்னைக்கு அட்டை இல்லாம போய் இறங்கினா, பழனிக்குப் பதிலா தனிமை வார்டுதான்.

(தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு: கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல இந்த ஊசி போடுறாங்க. சென்னை துறைமுகச் சுகாதார அலுவலகத்துலயும் உண்டு. கப்பல்ல வேலை பாக்குற பிள்ளைங்களுக்கு இந்த ரெண்டு இடமும் நல்லாத் தெரியும்.)



இப்ப பினாங்கு கதைக்கு வர்றேன்.

இந்த ஊசியை எந்தக் கிளினிக்குலயும் போட முடியாது. அரசாங்கம் அங்கீகாரம் குடுத்த மையத்துல போட்டு, அந்த மையத்தோட சாப்பு இருந்தாத்தான் அட்டை செல்லும். இது நம்ம நாட்டுச் சட்டம் மட்டும் இல்ல, உலகச் சுகாதார நிறுவனத்தோட அனைத்துலகச் சுகாதார விதியிலயே இருக்கு.

எனக்குத் தெரிஞ்ச கிளினிக்குக்கு எல்லாம் போன் போட்டேன். ஒரு இடத்துல "ஃப்ளூ ஊசியா?"ன்னு கேட்டாங்க. இன்னொரு இடத்துல, உம்ராவுக்குப் போடுற மெனிஞ்சைடிஸ் ஊசிதான் இருக்குன்னாங்க. (உம்ரா போறவங்களுக்கும் மஞ்சள் புத்தகம் குடுக்குறதால இந்தக் குழப்பம் அடிக்கடி வருது. அது வேற ஊசி, வேற நோய்.) ஒரு கிளினிக்குல மட்டும், "கென்யா கேக்காது, தேவை இல்ல"ன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. திரும்பி வர்றப்ப மலேசியா கேக்குமேன்னு சொன்னேன். லைன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றோம்"னாங்க. சொல்லவே இல்ல.

கடைசியில சுகாதார அமைச்சோட பட்டியலைப் பாத்து, அதுல இருக்குற ஒரு மையத்துக்கு நேரா கூப்பிட்டேன். அங்க எல்லாம் தெளிவா சொன்னாங்க. எத்தனை பேரு, என்ன வயசு, எந்த நாடு, எந்தத் தேதி கிளம்புறீங்க, எதுல டிரான்சிட்டு. எல்லாத்தையும் கேட்டுட்டு, ஸ்டாக் பாத்து நாள் குடுத்தாங்க.

ஸ்டாக் பாக்குறதுக்குக் காரணம் இருக்கு. உலகச் சுகாதார நிறுவனம் தரம் பாத்து ஏத்துக்கிட்ட தயாரிப்பாளருங்க மொத்தமே நாலு பேருதான். பிரான்சுல ஒண்ணு, பிரேசில்ல ஒண்ணு, செனகல்ல ஒண்ணு, ரஷ்யாவுல ஒண்ணு. கோழி முட்டைக் கருவுல வளத்து எடுக்குற மருந்து. நெனச்ச நேரத்துல நிறைய செஞ்சுட முடியாது. 2016-ல அங்கோலாவுலயும் காங்கோவுலயும் நோய் பரவினப்ப உலகத்துக் கையிருப்பே பத்தல. கின்ஷாசா நகரத்துல ஒரு டோஸை அஞ்சாப் பிரிச்சு, ஆளுக்கு அஞ்சுல ஒரு பங்குன்னு, 70 லட்சத்துக்கும் மேல ஆளுங்களுக்குப் போட்டாங்க. அங்க அஞ்சுல ஒரு பங்குக்கு வெயில்ல வரிசையில நின்னாங்க. இங்க முழு டோஸும் கிடைக்குது, ஏஜென்ட் அது வேணாங்குறாரு!



குறிச்ச நாள்ல எல்லாரும் போனோம். உடனே ஊசி இல்ல. முதல்ல டாக்டர் உக்கார வச்சு ஒவ்வொருத்தரையா கேள்வி கேட்டாரு. இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு.

முட்டை சாப்பிட்டா ஒத்துக்காம மூச்சுத் திணறல் வந்திருக்கா? (முட்டைக் கருவுல வளக்குற மருந்துன்னு சொன்னேன்ல.) தைமஸ் சுரப்பியில பிரச்சினை, ஆபரேஷன் ஏதாவது? புற்றுநோய் சிகிச்சை? எச்.ஐ.வி? ஸ்டீராய்டு மாத்திரை? கர்ப்பமா? பிள்ளைக்குப் பால் குடுக்குறீங்களா? 60 வயசு தாண்டிட்டீங்களா? கடந்த ஒரு மாசத்துல வேற ஊசி போட்டீங்களா?

ஏன் இத்தனை கேள்வி? இது உயிருள்ள கிருமியை வலுவிழக்க வச்சு செய்யுற தடுப்பு மருந்து. நல்ல உடம்பு அதைப் பாத்து எதிர்ப்பு சக்தியைக் கத்துக்கும். எதிர்ப்பு சக்தி குறைஞ்ச உடம்புல அந்த வலுவிழந்த கிருமியே தொல்லை குடுக்கலாம். மூளையையோ உள்ளுறுப்பையோ பாதிக்கிற மோசமான பக்கவிளைவு லட்சத்துல ஒருத்தருக்கும் குறைவாத்தான் வருது. ஆனா 60 வயசுக்கு மேல முதல் தடவையா போடுறவங்களுக்கு அந்த ஆபத்து கூடும். அதனாலதான் வயசானவங்களுக்கு டாக்டர் யோசிச்சுத்தான் போடுவாரு.

எங்க சித்திக்குத்தான் சிக்கல் வந்துச்சு.

சித்திக்கு முடக்குவாதம். மூட்டு வீங்காம இருக்க மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுக்குறாங்க. அது எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து. டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, "உங்களுக்கு இந்த ஊசி நான் போட மாட்டேன்"னாரு. உங்க மூட்டு டாக்டர்கிட்டயும் பேசுங்க, மருத்துவக் காரணத்தால போட முடியலன்னு அட்டையிலயே எழுதி சாப்பு வச்சுத் தர வழி இருக்கு, ஆனா அதை வச்சுக்கிட்டு நோய் இருக்குற இடத்துக்குப் போனா உங்களைக் காப்பாத்த ஒண்ணும் இருக்காது, திரும்பி வர்றப்பவும் அதிகாரிங்க உங்களைக் கண்காணிப்புல வைக்கலாம்னு விளக்கமா சொன்னாரு.

சித்திக்கு முகம் வாடிருச்சு. டிக்கெட் எல்லாம் போட்டாச்சே.

ரெண்டு நாள் யோசிச்சாங்க. மூட்டு டாக்டரும் அதையேதான் சொன்னாரு. "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க"ன்னு சித்தியே முடிவு பண்ணிட்டாங்க. சித்தப்பாவும் அவங்களுக்காக நின்னுட்டாரு. டிக்கெட் காசு பாதிதான் திரும்பக் கிடைச்சுது.

ஏஜென்டோட அட்டை இருந்திருந்தா சித்தி எங்ககூட வந்திருப்பாங்க. யாருமே மாத்திரையப் பத்திக் கேட்டிருக்க மாட்டாங்க. ஊசியும் போடாம, எதிர்ப்பு சக்தியும் இல்லாம, காட்டுக்குள்ள கொசுக்கடியில உக்காந்திருப்பாங்க. அந்த நினைப்பே எனக்கு வயித்தைக் கலக்குது. அந்த டாக்டர் கேட்ட பத்து நிமிஷக் கேள்விதான் என் சித்தியைக் காப்பாத்துச்சு. போலி அட்டை விக்கிறவங்க முதல்ல பறிக்கிறது அந்தப் பத்து நிமிஷத்தைத்தான்.



ஊசியைப் பத்திக் கொஞ்சம்.

பொடியா இருக்குற மருந்தைத் திரவத்துல கலக்கி, மேல் கையில போடுறாங்க. அரை மில்லி. சுருக்குன்னு ஒரு வலி, அவ்வளவுதான். அண்ணனோட சின்னப் பையன் "சிங்கத்துக்கும் போடுவாங்களா?"ன்னு நர்ஸைக் கேட்டான். அவங்க சிரிச்ச சிரிப்புல இவன் ஊசி போட்டதையே கவனிக்கல.

அப்புறம் அரை மணி நேரம் உக்காந்திருக்கச் சொன்னாங்க. ஒவ்வாமை வருதான்னு பாக்க. சில பேரு "ஒண்ணும் இல்ல, கிளம்புறேன்"னு எந்திரிக்கிறாங்க. தயவுசெஞ்சு உக்காருங்க!

எனக்கு அடுத்த சில நாள் உடம்பு வலி, லேசாத் தலைவலி. அண்ணிக்கு ஒரு நாள் காய்ச்சல் அடிச்சுது. பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரியல. இதெல்லாம் வர்றது சகஜம்னு முன்னாடியே சொல்லித்தான் அனுப்பினாங்க. (இன்னொண்ணு, ரத்த தானம் செய்யுறவங்க இதுக்கப்புறம் சில வாரம் காத்திருக்கணும். கோயில் முகாம்ல தவறாம குடுக்குறவங்க அங்க இருக்குற நர்ஸ்கிட்ட தேதியைச் சொல்லிடுங்க.)

அந்த அரை மணி நேரம் உக்காந்திருந்தப்ப, இந்த மருந்தோட கதைதான் மனசுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஊசி போட முடிவு பண்ணதுல இருந்து இதைப் பத்தித்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்.

1927-ல, இன்னிக்குக் கானான்னு சொல்ற நாட்டுல, அசிபின்னு ஒரு இளைஞருக்கு மஞ்சள் காய்ச்சல் வந்துச்சு. அவரு ரத்தத்தை எடுத்து, ஆசியாவுல இருந்து கொண்டுபோன ரீசஸ் குரங்குக்குச் செலுத்தி, கிருமியைப் பிரிச்சாங்க. குரங்கு செத்துப்போச்சு. அசிபி பிழைச்சுக்கிட்டாரு. ஆனா அந்த ஆராய்ச்சியில இருந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே வருஷம் மஞ்சள் காய்ச்சல்லயே போயிட்டாரு. அடுத்த வருஷம் அக்ராவுல ஹிதேயோ நோகுச்சி. அவரு போன கொஞ்ச நாள்ல வில்லியம் யங். மூணு பேருமே ஆராய்ச்சியாளருங்க. மூணு பேரையும் கொண்டுபோனது அவங்க ஆராய்ஞ்ச நோயேதான்.

அந்த அசிபியோட கிருமியைத்தான் மேக்ஸ் தைலர் ஆய்வுக்கூடத்துல திரும்பத் திரும்ப வளத்து, வலுவிழக்க வச்சு, 1937-ல 17டி தடுப்பு மருந்தா ஆக்கினாரு. 1951-ல அவருக்கு நோபல் பரிசு. இன்னிக்கு உலகம் முழுக்கப் போடுற மஞ்சள் காய்ச்சல் ஊசி எல்லாமே அந்த 17டி வழி வந்ததுதான். என் கையில ஏறினதும் அதுதான். ஒரு ஆப்பிரிக்க இளைஞரோட ரத்தம், மூணு ஆராய்ச்சியாளரோட உயிர், இத்தனை வருஷ உழைப்பு. அதைப் போய் ஒரு ரப்பர் சாப்பு வச்சு ஏமாத்தலாம்னு சொல்றாங்க பாருங்க.



அட்டையை வாங்கினதும் பைக்குள்ள போட்டுடாதீங்க. அங்கயே நின்னு படிங்க.

பேரு பாஸ்போட்டுல இருக்குற மாதிரியே இருக்கணும். நம்ம ஆளுங்களுக்கு ஏ/எல், ஏ/பி எல்லாம் இருக்கே, அதோட சேத்து. எங்க அண்ணி அட்டையில அப்பா பேரு விட்டுப்போயிருந்துச்சு. அங்கயே சொன்னதும் வேற அட்டை எழுதிக் குடுத்துட்டாங்க. ஏர்போட்டுல போய் மாத்த முடியாது. பாஸ்போட் நம்பர், பிறந்த தேதி, ஊசி போட்ட தேதி, மருந்து செஞ்ச கம்பெனி, பேட்ச் நம்பர், டாக்டர் கையெழுத்து, மையத்தோட சாப்பு. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் செல்லாது. உங்க கையெழுத்தும் வேணும். சின்னப் பிள்ளைங்களுக்கு அப்பாவோ அம்மாவோ போடணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அட்டை.

போட்ட நாள்ல இருந்து 10 நாள் கழிச்சுத்தான் அட்டை செல்லுபடியாகும். உடம்பு எதிர்ப்பு சக்தியை உருவாக்க அவ்வளவு நாள் எடுக்கும். நாளைக்கு ஃப்ளைட்டு, இன்னிக்கு ஊசின்னு போனா அட்டை கையில இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அதுக்கப்புறம் ஆயுசுக்கும் செல்லும். முன்னாடி 10 வருஷத்துக்கு ஒரு தடவை போடணும்னு இருந்துச்சு. 2016 ஜூலை 11-ல இருந்து அந்த விதி மாறிருச்சு. பழைய அட்டையில 10 வருஷம்னு எழுதியிருந்தாலும் ஆயுசுக்கும் செல்லும். அண்ணனோட நண்பர் ஒருத்தரு கப்பல்ல எஞ்சினியரா இருந்தவரு, பழைய அட்டையைத் தூக்கிப் போடப் பாத்தாரு. நல்லவேளை, கேட்டுட்டுப் போடலாம்னு வச்சிருந்தாரு.



எதுத்த வீட்டுப் பாட்டி (எங்களுக்குச் சொந்தம் இல்ல, ஆனா சொந்தத்துக்கு மேல) கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடிச்சுட்டுப் போங்க, ஒண்ணும் வராதுன்னு சொன்னாங்க. பாட்டி சொன்னது காமாலைக்கு. பக்கத்துல உக்காந்து விளக்கிச் சொன்னேன். இது கொசு கடிச்சு வர்றது. பல பேருக்குக் காய்ச்சல், முதுகு வலி, வாந்தியோட நின்னுடும். ஆனா சுமார் நூத்துக்குப் பதினஞ்சு பேருக்கு ரெண்டாவது கட்டம்னு ஒண்ணு வரும். கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு, உடம்பு மஞ்சளாகி, வாயில மூக்குல ரத்தம் வரும். அந்தக் கட்டத்துக்குப் போனவங்கள்ல பாதிப் பேரு பத்து நாளுக்குள்ள போயிடுவாங்க. கிருமியைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. பாட்டி கேட்டுட்டு, "அப்ப எனக்கும் போடச் சொல்லு"ன்னாங்க. பாட்டி எங்கயும் போகல, அதனால தேவை இல்லன்னு சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

ஆனா பாட்டி கேட்டது சரியான கேள்வின்னு அப்புறம் தோணுச்சு. பாட்டிக்கு ஊசி இல்ல. எங்க ஃபிளாட்டுல யாருக்கும் இல்ல. பினாங்குல கிட்டத்தட்ட யாருக்குமே இல்ல. ஆசியாவுல இந்த நோய் இதுவரைக்கும் வேர் பிடிக்கல, அதனால போட வேண்டிய அவசியம் வரல.

ஏன் வேர் பிடிக்கலங்குறதுக்கு ஆராய்ச்சியாளருங்க பல காரணம் சொல்றாங்க. டிங்கி நிறைய பேருக்கு வந்துட்டதால ஓரளவு பாதுகாப்பு இருக்கலாம், நம்ம ஊர் ஏடிஸ் இந்தக் கிருமியை அவ்வளவு நல்லாப் பரப்பாம இருக்கலாம், இப்படி. எதுவும் உறுதியா நிரூபிக்கப்படல. கொசு இங்க இருக்கு. குரங்கும் இருக்கு. (பொட்டானிக் கார்டன் போறவங்களுக்குச் சொல்லவே வேணாம்.) ஆப்பிரிக்காவுலயும் தென் அமெரிக்காவுலயும் காட்டுக் குரங்குகள்கிட்ட இந்தக் கிருமி சுத்திக்கிட்டே இருக்குறதாலதான் அதை ஒழிக்க முடியல.

பயம் புதுசும் இல்ல. பனாமா கால்வாய் 1914-ல திறந்துச்சு. அதுக்கு முன்னாடியே, கப்பல் வழியா மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்கு வந்துருமோன்னு மருத்துவருங்க பதறினாங்க. எஸ்.பி. ஜேம்ஸ்னு இந்திய மருத்துவச் சேவையில இருந்தவரு இதை ஆராய்ஞ்சு, இந்தியாவை எப்படிக் காப்பாத்துறதுன்னு 1913-ல நீளமா எழுதினாரு. நூறு வருஷத்துக்கு அப்புறம் 2016-ல நடந்தே போச்சு. அங்கோலாவுல வேலை பாத்த சீனத் தொழிலாளிங்க 11 பேரு நோயோட சீனாவுக்குத் திரும்பினாங்க. ஆசியாவுல பதிவான முதல் மஞ்சள் காய்ச்சல் அதுதான். அங்கிருந்து பரவல. அந்தத் தடவை தப்பிச்சோம்.

பினாங்குக்காரங்க இதை மத்தவங்களவிடக் கூடுதலா யோசிக்கணும்னு நான் சொல்வேன். மலாயாவுல டிங்கியைப் பத்தின முதல் மருத்துவப் பதிவு 1902-ல, பினாங்குல இருந்துதான். ரத்தக்கசிவு டிங்கி இந்த நாட்டுல முதல்ல தெரிஞ்சது 1962-ல, அதுவும் பினாங்குலதான். துறைமுக ஊரு நம்ம ஊரு. உலகத்துல இருக்குறது எல்லாம் முதல்ல நம்ம வாசலுக்குத்தான் வரும்.

அதனாலதான் ஜெரெஜாக் தீவு ஒரு காலத்துல தனிமைப்படுத்துற இடமா இருந்துச்சு. ஜார்ஜ்டவுன்ல இருந்து பாயான் லெப்பாஸ் ஏர்போட்டுக்குக் கரையோர ரோட்டுல போறப்ப இடது பக்கம் கடலுக்குள்ள பச்சையாத் தெரியும் பாருங்க, அதுதான். கப்பல்ல அம்மையோ காலராவோ இருந்தா ஆளுங்களை அங்க இறக்கி வச்சுட்டுத்தான் ஊருக்குள்ள விடுவாங்க. எங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி வந்தவரு. மேல் தட்டுல படுத்து, வாந்தி எடுத்து, இங்க வந்து சேந்து, ஜெரெஜாக்குல நாள் கணக்கா காத்திருந்துட்டுத்தான் பினாங்கு மண்ணை மிதிச்சாராம். அவங்க யாரும் விருப்பப்பட்டு அங்க இருக்கல. மனுசனா மதிக்காத இடமா இருந்துச்சுன்னு தாத்தா கடைசி வரைக்கும் சொல்வாரு. இன்னிக்கு நம்மளை யாரும் தீவுல அடைக்கல. ஒரு ஊசி போட்டா நேரா வீட்டுக்குப் போலாம்.

நம்ம ஊர்ல பிறந்த டாக்டர் வூ லியன் தே 1910-11-ல மஞ்சூரியாவுல பிளேக்கை அடக்கினவரு. முகக்கவசம் போடச் சொன்னவரு. பின்னாடி சீனாவோட துறைமுகத் தனிமைப்படுத்தல் சேவையையே கட்டி எழுப்பினவரு. அவரைப் பெத்த ஊர்ல உக்காந்துக்கிட்டு ஒருத்தரு போலி சாப்பு விக்கிறாரு. என்னால தாங்கிக்க முடியல.



போலி அட்டை வாங்கினா யாருக்கு என்ன நஷ்டம்னு கேக்குறவங்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம்.

2012 மார்ச்சுல, அட்டை போலின்னு சந்தேகப்பட்டுத் தென்னாப்பிரிக்கா 125 நைஜீரியர்களைத் திருப்பி அனுப்பிருச்சு. நைஜீரியா கொதிச்சுப்போய், பதிலுக்குத் தென்னாப்பிரிக்கர்களைத் திருப்பி அனுப்புச்சு. ரெண்டு நாட்டுக்கும் பெரிய தகராறு. கடைசியில தென்னாப்பிரிக்கா மன்னிப்புக் கேட்டுச்சு. போலி அட்டை ஊருக்குள்ள புழங்க ஆரம்பிச்சா, நிஜ அட்டை வச்சிருக்குறவங்களையும் சந்தேகத்தோடதான் பாப்பாங்க. நாளைக்கு மலேசிய அட்டைக்கும் அந்தக் கதி வரணுமா?

"தோஹா வழியாத்தானே வர்றோம், ஆப்பிரிக்கா போனது யாருக்குத் தெரியும்"னு அந்த ஏஜென்ட் இன்னொரு யோசனையும் சொன்னாரு. யாருக்கும் தெரியாம இருக்கலாம். ஆனா காய்ச்சலோட வர்றவரு போய்ப் படுக்கப்போறது அவரு வீட்டுல. கடிக்கப்போறது அவரு வீட்டுப் பூந்தொட்டித் தண்ணியில வளந்த கொசு. அது அடுத்துக் கடிக்கப்போறது அவரு பிள்ளையை.

நாங்க அந்த ஏஜென்டை விட்டுட்டோம். ஹோட்டல், சஃபாரி வண்டி எல்லாத்தையும் அத்தை மகன் வழியா நேரா ஏற்பாடு பண்ணிக்கிட்டோம்.

போறவங்க இதைச் செய்யுங்க. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே அமைச்சோட பட்டியல்ல இருக்குற மையத்துக்குப் போன் போடுங்க. ஒரு மாசம் முன்னாடி போட்டா நிம்மதி. தினமும் எடுக்குற மாத்திரை எல்லாத்தையும் அட்டையோட எடுத்துட்டுப் போங்க, ஒண்ணையும் மறைக்காதீங்க. மலேரியாவுக்கு இந்த ஊசி உதவாது, அதுக்குத் தனியா மாத்திரை வேணுமான்னு அதே டாக்டர்கிட்ட கேளுங்க. கொசு மருந்தும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

காசு குடுத்து அட்டை வாங்கி ஏற்கனவே கையில வச்சிருக்குறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்களைத் திட்ட எனக்கு மனசு வரல. அதைக் கிழிச்சுப் போட்டுட்டு, போய் நிஜ ஊசி போட்டுக்குங்க. கிளம்ப 10 நாளுக்கு மேல இருந்தா இன்னும் நேரம் இருக்கு. இல்லன்னா, தேதியைத் தள்ளிப் போடுங்க.